சாய்கோடு

கொம்தாரின் நாற்பத்தோராம் மாடி.
ஒருங்கிணைப்புக் குழுவின் ஏழாவது கூட்டம்.
பதினொரு துறைகள், பதினொரு தண்ணீர்ப் போத்தல்,
ஒரு தட்டு கறிபாப்.
குறிப்பெடுப்பவள் நான்.

முதல் ஐந்து அம்சங்களும்
மின்னிலக்க எதிர்காலம் பற்றியவை.
எளிதில் நிறைவேறின.
ஆறாவது:
நம் பெயர்களின் நடுவே வரும் சாய்கோடு.

ஏ, ஒரு கோடு, பி.
இன்னாரின் மகள் என்று அர்த்தம்.
சமூகநலத் துறை கோட்டை வைத்திருக்கிறது.
மருத்துவமனை எடுத்துவிட்டது;
எழுத்து இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கின்றன.
நகராண்மைக் கழகத்தில்
எந்த ஆண்டோ, யார் சொல்லியோ,
கோடு இருந்த இடத்தில் ஓர் இடைவெளி.

ஆகவே பிறையில்
மூன்று கோகிலவாணிகள் வசிக்கிறார்கள்.
ஒருத்திக்கு நீரிழிவு.
ஒருத்தி மலிவு வீட்டுக்கு நான்கு மாத வாடகை பாக்கி.
ஒருத்திக்கு வருமானமே இல்லை,
ஆனால் நோயும் கடனும் இல்லாததால்
அவள் நன்றாக இருப்பதாகக் கணினி கருதுகிறது.

"அடையாள அட்டை எண் ஒன்றுதானே?"
என்றார் புவான் நோர்ஹஸ்லிண்டா.
"எண் பொருந்துகிறது, பெயர் பொருந்தவில்லை.
இரண்டும் பொருந்தவேண்டும். விதி எட்டு."
"விதி எட்டை எழுதியது யார்?"
எல்லாரும் கறிபாப்பைப் பார்த்தார்கள்.

நிரல் எழுதும் தியோ பூன் கியாட்
தயங்கித் தயங்கி விளக்கினார்:
இயந்திரத்துக்கு அந்தக் கோடு ஒரு பாதை.
கோகிலவாணியை ஒரு பெட்டி என்று எண்ணி
திறந்து உள்ளே போகிறது,
முனியாண்டியைத் தேடி.
உள்ளே யாரும் இல்லை.
திரும்பி வந்து, பிழை என்கிறது.
"பாவம், அது தேடத்தான் செய்தது" என்றார்.
இதைக் குறிப்பில் எழுதலாமா என்று தெரியவில்லை.
எழுதினேன். பிறகு அடித்தேன்.

என் கழுத்தில் தொங்கும் நுழைவட்டையிலும்
எனக்கும் அப்பாவுக்கும் நடுவே
ஒட்டிப்போன இரண்டு எழுத்து.
ஒன்பது வருஷமாகக் கதவு திறக்கிறது,
நான் கவனித்ததில்லை.

மதிய இடைவேளையில் அழைத்தேன்,
பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லத்தான்.
"மூனு பேர்ல யாருக்கு லா போன் போட்டீங்க?"
சிரித்தார் கோகிலவாணி.
பத்தொன்பது வருஷம் பிறைத் தொழிற்சாலையில்
நுண்ணோக்கியில் கண் வைத்து
தலைமுடியினும் மெல்லிய தங்கக் கம்பியைச்
சில்லுக்குள் ஒட்டியவராம்.
ஒரு கம்பி சாய்ந்தாலும்
மொத்தத் தட்டும் குப்பைக்கு.
இப்போது கண்ணுக்குச் சொட்டு மருந்து.
"ஒருத்திக்குக் காசு போட்டுடுங்க.
மத்த ரெண்டு பேர நான் பாத்துக்கிறேன்."

பிற்பகலில் மழை இறங்கி
பிறை இருந்த திசை வெள்ளையானது.
திரையில் 'ஒரே அரசு, ஒரே வாசல்' என்ற வாசகம்
தன்பாட்டில் சுழன்றது.
துணைக்குழு அமைக்கலாம் என்றார் ஒருவர்.
ஏற்கெனவே இருக்கிறது என்றார் இன்னொருவர்,
அதில் தாமும் இருப்பதை
அப்போதுதான் நினைவுகூர்ந்தவர்போல.

மாலை, குறிப்பைச் சரிபார்த்தேன்.
நடவடிக்கை எடுப்பவர்: அனைவரும்.
காலக்கெடு: அடுத்த கூட்டம்.
ஆறு கூட்டமாய் இதே கை
இதே இரண்டு வரியைத் தட்டியிருக்கிறது.

'அனைவரும்' என்பதை அழித்தேன்.
தியோவின் பெயர். விதி எட்டின் பக்க எண்.
வெள்ளிக்கிழமை, காலை பத்து.
அதன் கீழே என் பெயர், முழுசாக,
கோட்டோடு.
பதினொரு துறைக்கும் அனுப்பினேன்.

இரண்டு மடல்கள்
அப்படியொரு முகவரி இல்லையென்று திரும்பி வந்தன.
தொலைபேசியைக் கையில் எடுத்தேன்.
ஐந்தே காலுக்கு மேல் யார் இருப்பார்கள்?
நெடுநேரம் மணி அடித்தபின்
யாரோ எடுத்து,
எந்தத் துறை என்று என்னைக் கேட்டார்கள்.